எட்டாவது சோடி

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிராமத்துக்குப் பேருந்து இல்லை. அதனால் ஜெர்மனியின் ஹம் நகரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. வயலோரங்களில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. அந்தக் கிராமத்தில் நான் விட்டுவந்தது ஒரு பீட்சாக் கடையின் சமையலறை. முதலாளி யாழ்ப்பாணத்தவர்தான். மேல்மாடியில் நான் படுத்த கட்டிலைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, என்னை மா மூட்டைகளுக்கு இடையில் படுக்கச் சொன்னார். அதைவிட மோசமான இடங்களிலும் படுத்திருக்கிறேன். ஆனாலும் அன்று காலை பையைக் கட்டினேன்.

"போறதெண்டால் போ. நாளைக்குப் பின்னேரம் இந்தக் கதவடியிலை வந்து நிப்பாய்" என்றார்.

அப்படி நடக்கக்கூடியதுதான். வேலையும் படுக்கையும் நாளைக்குள் கிடைக்காவிட்டால், எனக்குத் தெரிந்த கதவு வேறெதுவும் இல்லை.

ஹம்மில் மன்னார் அக்கா ஒருவர் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போவார்கள். மூன்று மணி நேரம் நடந்து அவர் வீட்டு மணியை அடித்தேன். அவருடைய கணவர்தான் கதவைத் திறந்தார்.

"அவ ஆடப் போயிட்டா."

"எங்கையண்ணை?"

"கோயில் மண்டபத்திலை. அயர்லாந்து ஆட்டமாம். முழங்காலுக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவராம். எந்த டொக்டரெண்டு எனக்குத் தெரியாது."

மண்டபத்தின் மரத்தரை மினுங்கியது. சுவரில் சிலுவை தொங்கியது. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றேன். காலுறைக்கு வெளியே பெருவிரல் தெரிந்தது.

"தம்பி, சப்பாத்தைப் போடுங்கோ. இது கோயில் இல்லை, கோயிலின்ரை மண்டபம்" என்றபடி அக்கா வந்தார்.

விசயத்தைச் சொன்னேன். அவர் நாடியை உயர்த்தி ஒரு மனிதரைக் காட்டினார். "அந்தச் சிவத்த சுவெட்டர்க்காரர் பூச்செடித் தோட்டம் வைச்சிருக்கிறார். அங்கை ஒரு அறையும் சும்மா கிடக்கு. கேட்டுப் பாப்பம். ஆனா இப்ப ஏலாது, தொடங்கப் போகினம். என்ரை சோடிக்குக் காய்ச்சல். நீங்கள் வந்து நில்லுங்கோ."

"எனக்கு ஆடத் தெரியாதக்கா."

"இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சால் ஏன் வாறம்?"

உண்மைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு வந்த கிழவர் வரை நின்றார்கள். ஆட்டம் பழக்கியவர் கட்டட வேலைக்கு வந்த ஓர் அயர்லாந்துக்காரர். அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். ஏழு வரை எண்ணுவார், மிச்சத்தைத் தோளைப் பிடித்துத் தள்ளிக் காட்டுவார்.

எட்டுச் சோடிகள் வட்டமாக நின்றோம், எட்டாவது நாங்கள். ஒவ்வொரு சோடிக்கும் எதிரே ஒரு சோடி. கிட்டப் போவது, பின்வாங்குவது, ஆள் மாறிச் சுற்றுவது. முடிந்ததும் எதிரே நின்றவர்களைக் கடந்துபோய் அடுத்த சோடியைப் பார்த்து நிற்க வேண்டும். தோட்டக்காரர் எங்களுக்கு நாலாவதாக வருவார் என்று அக்கா கணக்குச் சொன்னார்.

கசெட் பாடத் தொடங்கியது. முதலில் எங்களுக்கு எதிரே வந்தவர் எழுபது வயதுப் பெண். நான் விரல் நுனியை மட்டும் நீட்டினேன். அவர் மணிக்கட்டையே பிடித்து என்னைச் சுற்றினார். அதற்குள் அக்கா, இந்தத் தம்பிக்கு வேலை வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது சோடியிடமும் சொன்னார். மூன்றாவதிடமும்.

"அக்கா, எல்லாருக்கும் ஏன் சொல்லுறியள்?"

"வாய் சும்மாதானே கிடக்கு. காலைப் பாருங்கோ, இடக்கால்!"

தோட்டக்காரர் வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் மனதில் சொல்லிப் பழகிய ஜெர்மன் வசனத்தில் பாதிதான் வெளியே வந்தது. அவர் சுற்றிக்கொண்டே கேட்டார், சுற்றிக்கொண்டே இல்லையென்று தலையாட்டினார். மண் உறைந்திருக்கிறது, மார்ச்சில் வா என்றார். பிறகு எங்களைக் கடந்து போய்விட்டார்.

அவ்வளவுதான். காலையிலிருந்து நடந்த கால் அப்போதுதான் வலித்தது. பை கிடந்த மூலையைப் பார்த்தேன்.

"நான் போறன் அக்கா."

"எங்கை போறது? நீங்கள் போனால் நான் தனிய. எனக்கு முன்னாலை வாற ரெண்டு பேருக்கும் ஆளில்லை. பாட்டு முடியட்டும், பேந்து எங்கையெண்டாலும் போங்கோ."

நின்றேன். வேறு வழி தெரியாமல்தான் நின்றேன். வட்டம் என்பதால் முதலில் சந்தித்தவர்கள் திரும்ப வந்தார்கள். அந்த எழுபது வயதுப் பெண் மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். இதற்குள் அவர் யோசித்திருந்தார். தன் மருமகன் இறந்தவர்களின் வீடுகளைக் காலிசெய்து கொடுப்பவன், அவனுடைய ஆள் ஒருவனுக்கு முதுகு பிடித்துவிட்டது, நாளை காலை ஏழு மணிக்கு வருவாயா என்று கேட்டார்.

படுக்க இடம் உண்டா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவரைக் கடந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, களஞ்சியத்துக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, ஆனால் குளிரும் என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அயர்லாந்துக்காரர் எண்ணுவதை நிறுத்திவிட்டு முறைத்தார். அக்கா சிரித்ததில் காலைத் தவறவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு நாலாம் மாடியில் நின்றேன். இறந்தவரின் உடுப்புகள் இன்னும் அலுமாரியில் தொங்கின. மருமகன் அவற்றைச் சாக்கில் திணித்துவிட்டு அலுமாரியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். மேல்பக்கம் எனக்கு. முதல் படியில் கால் வைத்ததும், முந்தின நாள் நடந்து ஆடிய தொடை இறுகிவிட்டது, அடுத்த காலை இறக்கவே முடியவில்லை. காலில் ஏதாவது கோளாறா என்று அவன் கீழிருந்து கேட்டான். இல்லை என்றேன். பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கினேன். அன்று அப்படி மூன்று அலுமாரிகளும் ஒரு பியானோவும் இறக்கினோம்.