பூட்டிய அறையில் விழுந்த தாள்கள்

போன ஆடி மாதம் நடந்தது இது. வளைகுடாவில் வேலை பார்த்த என் தம்பி, அங்கே மாரடைப்பில் இறந்துபோனான். அவன் உடல் வரும் பெட்டியை வாங்க, பக்கத்து மாநில விமான நிலையத்தின் சரக்குக் கிடங்குக்கு நானும் என் அக்காள் கணவரும் விடியற்காலையிலேயே போய்விட்டோம். இருட்டுவதற்குள் அடக்கம் செய்ய வேண்டும். ஊரில் குழி வெட்டியாயிற்று; பங்குச் சாமியாரும் காத்திருந்தார். சேதி வந்ததிலிருந்து அம்மா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

பெட்டி வந்துவிட்டது. அதை வெளியே விட ஒரு தாள் வேண்டும் என்றார்கள். அன்று காலையில்தான் பெட்டியைக் கொண்டுவந்த சரக்குக் கம்பெனியின் கவுண்டரைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த இளைஞர் எங்கள் பக்கத்துச் சிதறால் ஊர்க்காரர். கம்ப்யூட்டரைத் தட்டுவார், பக்கத்திலிருந்த புதுப் பிரிண்டரைப் பார்ப்பார். ஒன்றும் வராது. மறுபடி தட்டுவார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் முன்னால் பேச்சு வராது. சுவரோரம் நின்றுகொண்டே இருந்தேன். மதியம் தாண்டியது. அத்தானுக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, செத்தது உனக்கத் தம்பிலா? ஐஸ் வாங்க வந்தவன் மாதிரி நிக்கிய!"

கவுண்டருக்குப் போனேன். "தம்பி, அங்க அம்மை காத்திருக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே போனை எடுத்து எங்கேயோ ஆங்கிலத்தில் பேசினார். பேசப் பேச அவர் முகம் வெளுத்தது.

"அண்ணே, கண்காணாத ஊருல ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. எந்தக் கவுண்டருக்க தாள் எந்தப் பிரிண்டர்ல வரணும்னு அதுலதான் பேரு போட்டு வச்சிருப்பாவ. எங்க கவுண்டர் மாறினத அங்க யாரும் மாத்தல. நான் அனுப்பின எல்லாம் பழைய எடத்துக்குப் போயிருக்கு."

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் நாங்களும் ஓடினோம். பூட்டைத் திறந்தார். பழைய கட்டிடத்தில் ஆள் இல்லை, மேசை இல்லை. மூலையில் பழைய பிரிண்டர் மட்டும் விளக்கு எரிய இருந்தது. அதன் கீழே தரை முழுக்கத் தாள்கள்.

ஆங்கிலம் எனக்கு வாசிக்க வராது. ஆனால் தம்பி பாஸ்போர்ட்டில் பார்த்துப் பார்த்து அவன் பெயரின் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். குனிந்து ஒன்றை எடுத்தேன். அவன் பெயர். இன்னொன்றை எடுத்தேன். அதிலும் அவன் பெயர். அதுவரை அழாத அத்தான், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. அடக்கம் காலையில்தான் என்று சாமியார் சொல்லிவிட்டார். பெட்டியை வீட்டில் இறக்கி, அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியின் மேல் கை வைத்தாள்.

"அஞ்சு வருசம் கழிச்சு வந்திருக்கான். ஒரு ராத்திரி வீட்டுல கெடக்கட்டும் மக்கா."

பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.

இப்போதும் யாராவது பதில் பேசாமல் இருந்தால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது: ஒரு பதிலும் வரவில்லை என்று நான் சுவரோரம் நின்ற நேரமெல்லாம், ஆளில்லாத அந்த இடத்தில் என் தம்பியின் பெயர் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.