ஊசி உடைந்தால் சொல்லலாம்

1. மெயில்

காலை ஒன்பதரைக்கு அந்த மெயில் வந்தது. நாங்கள் அனுப்பிய குழந்தைச் சட்டை ஒன்றின் கழுத்துத் தையலில் உடைந்த ஊசி முனை இருந்ததாம். நல்லவேளை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் குடோன் செக்கிங்கிலேயே அகப்பட்டுவிட்டது. கீழே இரண்டு வரி: எல்லா ஷிப்மென்டும் நிறுத்தம். பத்து நாளில் அவர்கள் ஆள் நேரில் வந்து ஆடிட்.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் புரொடக்‌ஷன் மேனேஜர். எங்களுக்கு வந்த ஆர்டரில் பாதிக்கு மேல் அந்த ஒரே பையருடையது.

முதலாளி படித்துவிட்டு எழுந்து நின்றார். "பண்டல் நம்பர் இருக்குதில்லீங்க? எந்த டெய்லர் தச்சதுன்னு பாருங்க. இன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிருங்க. ஆடிட்டர் வந்தா, ஆளை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு சொல்லிக்கலாம்."

எனக்கும் முதலில் அது சரியென்றே பட்டது. பண்டல் ஷீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸும் மெட்டல் டிடெக்டரில் போக வேண்டும். அந்த வாரம் கப்பலுக்கு நேரமில்லை என்று, பெட்டிக்கு நாலு பீஸ் ஓட்டினால் போதும் என்று சொன்னவன் நான்.

திரும்பிப் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"கேட்டிருக்கணும் சார். என்னை எடுக்கறதா இருந்தாலும் சரி. ஆனா டெய்லர் யாரையும் அனுப்ப வேண்டாம். ஒருத்தரை அனுப்பினா மத்தவங்க வாயே திறக்க மாட்டாங்க."

"ஆடிட் முடியட்டுங்க. அப்பறம் பார்த்துக்கலாம்" என்றார்.

2. தீப்பெட்டி

மறுநாள் மெஷின்களை நிறுத்தி எல்லோரையும் கட்டிங் டேபிள் பக்கம் கூட்டினேன். மெயிலில் இருந்ததை அப்படியே சொன்னேன். வடநாட்டு டெய்லர்களுக்காக சூப்பர்வைசர் அதையே இந்தியில் சொன்னார். டிடெக்டர் விஷயத்தையும் நான் மறைக்கவில்லை.

"உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் குடுத்தாத்தான் புது ஊசின்னு ரூல். துண்டு காணோம்னு வந்தவங்ககிட்ட நான் கத்தியிருக்கேன். இனிமே கத்த மாட்டேன். இதுக்காக யாரையும் வேலையை விட்டு எடுக்க விடவும் மாட்டேன்."

அவர்கள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நம்பும்படி அதுவரை நான் ஒன்றும் செய்திருக்கவில்லை.

சாப்பாட்டு பெல் அடித்ததும் பிளாட்லாக் மெஷினில் கழுத்துத் தைக்கும் டெய்லர் முத்துலட்சுமி வந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கையில் ஒரு தீப்பெட்டி. உள்ளே ஏழெட்டு உடைந்த ஊசிகள். சிலவற்றில் முனை இல்லை.

"துண்டு இல்லாம வந்தா ஏசுவீங்கன்னு நானே கடையில ஊசி வாங்கிப் போட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. அந்த முனை என்னோடதா இருக்குமோன்னு நேத்துலருந்து சோறு இறங்கல. பச்சப்புள்ளைக்குக் குத்தியிருந்தா?"

"வந்து சொன்னதுக்கு நன்றிம்மா" என்றேன். சாப்பாடு முடிந்து அவர் அதே மெஷினில் உட்கார்ந்து தைப்பதை எல்லோரும் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் என் மேஜையில் மற்றவர்களும் கொண்டுவந்து வைத்த உடைந்த ஊசி ஒரு டப்பா நிறைய.

3. ஆடிட்

எங்கள் குடோனில் இருந்த எல்லாப் பெட்டியையும் பிரித்து ஒவ்வொரு பீஸாக டிடெக்டரில் ஓட்டினோம். முதலாளியும் தரையில் உட்கார்ந்து பெட்டி பிரித்தார். மூன்று சட்டைகளில் முனை கிடைத்தது. அந்த மூன்றையும் டப்பாவோடு ஆடிட்டர் அம்மா முன்னால் வைத்தேன்.

"இதை எதுக்கு எங்கிட்டக் காட்டறீங்க? இது உங்களுக்கு எதிராத்தானே போகும்?"

"உங்ககிட்ட நான் மறைச்சா, நாளைக்கு இவங்க எங்கிட்ட மறைப்பாங்க மேடம்."

எதிராகத்தான் போனது. குழந்தைத் துணி ஆர்டர் அந்த சீசனுக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. பெரியவர்களின் டி-ஷர்ட் மட்டும் தொடர்ந்தது. ஓவர்டைம் நின்றது, சில மாதம் எல்லோருக்கும் இறுக்கிப்பிடித்துத்தான் ஓடியது. ஆனால் யாரையும் அனுப்பவில்லை. முதலாளி என்னையும் வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், ஷிப்மென்ட் நெருக்கடியில், பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருவர் கையைத் தூக்கினார். "சார், சூயி டூட் கயா." ஊசி உடைந்துவிட்டதாம். தையல் லைன் நின்றது. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் மெஷினுக்கடியில் மண்டியிட்டேன். துண்டு கிடைக்க இருபது நிமிடம் ஆனது.

இப்போது மேனேஜர்களாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். நெருக்கடி வந்தால் மீட்டிங் போட்டு நிறையப் பேசுவோம். அந்தப் பேச்சு யாருக்கும் நினைவிருக்காது. கெட்ட செய்தியோடு முதலில் வந்தவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதை மட்டும் அவர்கள் மறப்பதில்லை.