எட்டு ஓட்டைப் பெட்டியும் ஒன்பதாவது வீடும்

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் ஒயர் இழுக்கும் தொழிலில், ஒரு வீட்டுக்காரர் சிரித்தால் அடுத்த வீட்டுக்காரர் முறைப்பார். ஒரு தெருவுக்கு எதையாவது பங்கிட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

பூந்தமல்லியில் ஒரு சின்ன கேபிள் கம்பெனி. தெருவில் மாட்டியிருக்கும் எந்த இணைப்புப் பெட்டியிலிருந்து எந்த வீட்டுக்கு ஒயர் போகவேண்டும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. "எங்க தெருவையே உன்கிட்ட குடுக்கிறேன். ஒழுங்கா முடிச்சா வேலை நிரந்தரம், இல்லன்னா கெளம்பிடும்மா" என்றார் முதலாளி சேகர். எனக்கு அந்த வேலை ரொம்பத் தேவை.

ஒரே கம்பம்

ஒயர் குறைவாகச் செலவாகவேண்டும் என்று மட்டும் கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தேன். அதுவும் சொன்னபடி கேட்டு, பாதித் தெருவை முனைக் கம்பத்துப் பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டியது. ஏணி மேல் நின்றபடியே லைன்மேன் டில்லி எனக்குப் போன் போட்டார்.

"மேடம், பொட்டில ஒயர் சொருவ எட்டு ஓட்டதான் கீது. நீங்க ஊர்வலமே அனுப்பிக்கினு கீறீங்க!"

கமலா அக்கா வீட்டுச் சுவர்

ஒரு பெட்டிக்கு எட்டு வீடுதான் என்று அடுத்த முறை கண்டிப்பாகச் சொன்னேன். இப்போது வேறு வம்பு. கமலா அக்கா வீட்டுச் சுவரிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் அவருக்கு ஒயர் நாலு வீடு தாண்டி இன்னொரு பெட்டியிலிருந்து வந்தது. இப்படிக் கொடுத்தால்தான் மொத்தத் தெருவுக்கும் ஒயர் மிச்சம் என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"தெருவுக்கே நல்லது பண்றதுக்கு உனுக்கு நான் ஒருத்திதான் கெடச்சனா?"

ஏறக்குறைய

எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரை விட்டால், நாம் எல்லோரும் கிழடாகிவிடுவோம். அதனால் ஏறக்குறையச் சரியான ஒரு முறையைத்தான் பிடிக்கவேண்டும். அதில் ஒயர் செலவு அதிகமாகாது. ஆனால் ஏதாவதொரு பெட்டியில் ஒரு வீடு அதிகமாகிவிடலாம். ஒரு வீடு கூடினாலும் எட்டில் நிற்கட்டுமே என்று, எட்டு ஓட்டைக்குப் பதில் ஏழுதான் எனப் பொய் சொல்லியும் பார்த்தேன். இருக்கிற பெட்டிகளை வைத்து முடியாது என்று கம்ப்யூட்டர் கைவிரித்துவிட்டது. இதையெல்லாம் சேகரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏறக்குறைய எட்டு ஓட்ட போட்ட பொட்டிய எந்தக் கடையிலம்மா விக்கிறான்?"

ஒன்பதாவது வீடு

கடைசியில் தெரு முழுக்க லைன் போய்விட்டது. ஒரே ஒரு பெட்டியில்தான் ஒன்பது வீடு விழுந்தது. தெருவுக்கே ஒரு வீடுதான் பாக்கி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது டில்லி மெதுவாகச் சொன்னார்: அந்த வீடு சேகருடைய மாமியார் வீடு, சேகர் வீட்டுக்கு நேர் எதிர்வீடு.

"நீயே போய் அவங்களாண்ட சொல்லு" என்று சேகர் நழுவிவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா நெட் வராமல் சீரியல் பார்க்க முடியாத கோபத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டை, ஒயர், எட்டு, ஒன்பது என்று நான் உளறியதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மாப்பிள்ளை வீட்டு ஒயர் எந்தப் பெட்டியில்? அதே பெட்டிதான் என்றேன்.

"அப்ப அத்தப் புடுங்கி எனுக்குச் சொருவு கண்ணு. உன் வேலைக்கு நான் கேரண்டி."

வேலை நிரந்தரமாகிவிட்டது, முதலாளி வீட்டில் இன்னும் செல்போன் டேட்டாதான்: எந்தப் பெட்டியிலும் ஒரு வீட்டுக்கு மேல் அதிகமாகாது என்று என் கணக்கு சத்தியம் செய்யும், அந்த ஒன்று யாருடைய மாமியார் என்பதை மட்டும் நாம்தான் விசாரித்துக்கொள்ளவேண்டும்.