துருப்பு ஒன்று

அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பள்ளி பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் நிற்பார். வேலை போய்விட்டது, விசா கெடுவுக்குள் வேறு கிடைக்காவிட்டால் பிரிட்ஜ்வாட்டரை மட்டுமல்ல, அமெரிக்காவை விட்டே கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் எட்டு வயதுக்காரியிடம் யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் பாரிஸிலிருந்து அத்தையும் மாமாவும் வந்தார்கள். மாமா பாண்டிச்சேரிக்காரர். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியிலிருந்து டாரோ சீட்டுக்கட்டை எடுத்தார்.

"ஐயோ, ஜோசியம் பாக்கற சீட்டா?" என்று அம்மா பின்வாங்கினாள்.

"இல்லம்மா, அங்க வீட்டுக்கு வீடு இதைத்தான் ஆடுறாங்க."

அதில் துருப்புக்கென்றே இருபத்தொரு படச்சீட்டுகள் தனியாக உண்டு. இறங்கிய இனம் கையில் இல்லாவிட்டால் துருப்பு போட்டே ஆக வேண்டும். ஏற்கெனவே விழுந்ததைவிடப் பெரியது இருந்தால் அதைத்தான் போட வேண்டும். ஒன்றாம் எண்தான் எல்லாவற்றிலும் சின்னத் துருப்பு. ஆனால் மதிப்பு அதிகம் என்பதால் எல்லோரும் அதைப் பிடிக்கத்தான் அலைவார்கள்.

நான் மாமாவுக்குச் சீட்டு பிடித்துக்கொடுக்கும் உதவியாளர். முதல் இரண்டு ஆட்டமும் அப்பா ஜெயித்தார். மூன்றாவதில் மூன்று பேரையும் எதிர்த்துத் தனியாக இறங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார்.

அம்மா ஹார்ட்டின் இறங்கினாள். அப்பாவிடம் ஹார்ட்டின் இல்லை. மீதமிருந்த ஒரே துருப்பான ஒன்றாம் எண்ணை வேறு வழியில்லாமல் போட்டார். மாமாவிடமும் ஹார்ட்டின் இல்லை. பதினெட்டாம் துருப்பு இருந்தது. நான் ஆசையாக அதை உருவினேன். மாமா அதை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு ஓர் இஸ்பேடைப் போட்டார்.

"மாமா, தட்ஸ் சீட்டிங்! பதினெட்டு இருக்கு, யூ ஹேவ் டு ப்ளே இட்!"

மாமா கண்ணாடியைத் துடைத்தபடி, "கவனிக்கலடா செல்லம்" என்றார்.

"அத்தான், முன்னாடி ரெண்டு ஆட்டமும் இப்படித்தான் விட்டுக்கொடுத்தீங்களா?" என்று அப்பா கேட்டார். மாமா கையிலிருந்த சீட்டுகளை மறுபடி அடுக்கினார். அப்பா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"மெயில் பாக்ஸ்ல ஏதாவது வந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்."

ஒரு மாதம் கழித்து டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் அப்பாவுக்கு வேலை கிடைத்து அங்கே போனோம். ஆனால் அன்றைக்கு நான் பின்னாலேயே வாசல்வரை ஓடி, "அப்பா, இட்ஸ் சண்டே! மெயில் வராது!" என்று கத்தினேன். அத்தை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். ஒரே நாளில் இரண்டு முறை சரியாகச் சொல்லியும் ஏன் ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை என்று அவள் மடியில் உட்கார்ந்து அழுதேன்.