ஐந்து மாதம் கழித்து வரப்போகும் பிரஷர்

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது திடீரென்று பிரஷர் ஏறி, எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து அவளை எடுத்தார்கள். அதனால் இந்த முறை மூன்றாம் மாதமே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்று கள்ளக்குறிச்சி போய் ரிசல்ட் வாங்கினோம்.

"மறுபடி பிரஷர் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு காட்டுது. கட்டாயம் வரும்னு இல்லம்மா. இந்தச் சின்ன மாத்திரைய தினம் ராத்திரி போடுங்க. அடிக்கடி வந்து பிரஷர் பாத்துக்கினு இருங்க" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் மாத்திரை அட்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நைனார்பாளையம் திரும்பும்போது பஸ் கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் எழுந்து டிரைவரிடம் போனார்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க. எங்க வூட்டம்மாவுக்கு பிரஷர் வரப்போவுது."

டிரைவர் பதறிப்போய் பிரேக்கில் கால் வைத்தார். "ஐயையோ, எப்பங்க?"

"இன்னும் அஞ்சு மாசத்துல."

"அதுக்குள்ளார நைனார்பாளையம் போய்டலாங்க. போய் உக்காருங்க!"

பஸ்ஸே சிரித்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்காமல், மாத்திரை அட்டையைக் கெட்டியாகப் பிடித்தபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்கு வரப்போகும் பிரஷருக்கு டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டார். இவருக்கு இப்போதே வந்துவிட்டதற்கு என்ன கொடுக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.