தம்பி கொல்லையில் நிறைய ஆள்

எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு என்மேல் பொறாமை. நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் வேப்பமரம். அப்படிப்பட்ட நான் போன ஐப்பசியில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியைப் பார்த்து வயிறெரிந்து நின்றேன். அவன் என் கூடப் பிறந்த தம்பி.

எங்கள் ஊர் வடக்குத்தில் அப்பா விட்டுப்போன ஒரு காணிப் புஞ்சைக் கொல்லையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவன் அந்த அரைக் காணியோடு நின்றுவிட்டான். நான் லோன் போட்டு, ஒட்டியிருந்த இரண்டு காணியையும் வாங்கி வளைத்தேன். இருவரும் ஒரே வாரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டோம். ஐப்பசி பிறந்ததும் காய் முற்றிவிட்டது. முற்றியதைப் பிடுங்காமல் விட்டு அடைமழையும் பிடித்துக்கொண்டால் காம்பு அழுகிவிடும். செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கி முளைத்துவிடும். வானம் அப்போதே மூட்டம் போட ஆரம்பித்திருந்தது.

ஆள் கூட்டி வரும் மேஸ்திரிக்குப் போன் மேல் போன் போட்டேன். பெண்களெல்லாம் மைன்ஸில் கான்ட்ராக்டுக்குக் கூட்டிப் பெருக்கப் போய்விடுகிறார்களாம். கடைசியில் அவர் அனுப்பியது இரண்டு தாத்தாக்களை. ஒரு செடி பிடுங்கினால் ஒரு பீடி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி கொல்லையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். மைன்ஸுக்குப் போவதாக மேஸ்திரி சொன்ன அதே முகங்கள். பிடுங்கிய செடிகளைக் குவித்து, காய் ஆய்ந்துகொண்டே ஒருத்தியை ஒருத்தி கலாய்த்துச் சிரிக்கிறார்கள். தம்பி மனைவி கூழ் ஊற்றிக் கொடுக்கிறாள். கையகல நிலத்துக்கு இத்தனை கை! அந்தச் சிரிப்பே எனக்குப் பொறுக்கவில்லை. கூலியைக் கூட்டிக் கொடுத்து ஆட்களை மடக்கிவிட்டான் என்று முடிவுகட்டினேன்.

வரப்பைத் தாண்டிப் போய், தம்பி காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"அவன் எவ்ளோ தர்றானோ அதுக்கு மேல நான் தர்றேன். நாளைக்கு எங்கொல்லைக்கு வாங்க."

எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஓர் அக்கா தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி மனைவியைக் காட்டினார்.

"கூலியா? இவ எங்க கொல்லைக்கெல்லாம் வந்து புடுங்குனா. இப்ப நாங்க இவ கொல்லையில புடுங்கிகினு இருக்கோம். இதுல கூலி எங்க தம்பி வந்துச்சி?"

"அப்ப எனக்கும் அதே மாதிரி வாங்க. நான் லீவு போட்டுட்டு சம்சாரத்தோட வர்றேன்" என்றேன்.

தம்பி மனைவி நிமிராமலே சொன்னாள்: "கோச்சிக்காதீங்க மாமா. எங்குளுது ஒரு பொழுதுல முடிஞ்சிடும். உங்க கொல்லைக்கு இவங்க எல்லாரும் வாரம் பூரா வரணும். அதுக்கு பதிலா நீங்க ரெண்டு பேரு எத்தினி நாளு குனிஞ்சிகினு கெடப்பீங்க? பொங்கலே வந்துடும்ங்க."

அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

கடைசியில் அப்பா வழியில் வந்த அரைக் காணிக்கு மட்டும் வர ஒப்புக்கொண்டார்கள். நானும் மனைவியும் கொல்லை கொல்லையாகப் போய்ப் பிடுங்கிக் கொடுத்தோம். நகக்கண்ணெல்லாம் செம்மண். "பெர்மனன்ட் ஆளு, மெதுவாத்தான் வருவாரு" என்று கிண்டல் வேறு. சொன்னபடி என் அரைக் காணியை ஒரே பகலில் முடித்துக் கொடுத்தார்கள். நான் வாங்கிய இரண்டு காணியில் ஆள் இறங்குவதற்குள் மழை இறங்கிவிட்டது.

மழை விட்ட காலையில் போய் இழுத்தேன். இழுத்த செடியெல்லாம் வெறும் வேரும் தழையுமாக வந்தது. தம்பி வந்து பக்கத்தில் நின்றான். வாங்கியபோது ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நிலம். மனசு விட்டுப்போய் அவனிடம் சொன்னேன்.

"இந்த ரெண்டு காணியையும் நீயே பயிர் வெச்சிக்கடா. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

அவன் கொல்லையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே பொறாமைப்பட்டு என்ன, இவன் ஒரு தடவையாவது ஆசைப்பட மாட்டானா என்றிருந்தது.

"வேணாம்ணா" என்றான். "இம்மாம் பெருசுக்கு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.