என் கையில் இருந்த போன்

இது நடந்தது 2007-இல், திருவனந்தபுரம் தம்பானூரில். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அதே தம்பானூரில் ஒரு ஹோட்டலில் அப்பா பரோட்டா மாஸ்டர். அம்மா கட்டட வேலைக்குப் போவாள். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்திருந்தேன். அந்தப் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே சுமந்துகொண்டு திரிந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அலுவலகத்தில் மூன்றே பேர்தான். சார், நான், இன்னொரு பெண். ஊர் ஊராக இருக்கும் சிறிய ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு, ரிப்போர்ட் அடித்துத் தரும் சாஃப்ட்வேரை சார் எழுதி விற்றிருந்தார். அதில் சிக்கல் வந்தால் நாங்கள் இங்கே உட்கார்ந்தபடியே அந்த லேப் கம்ப்யூட்டருக்குள் இணையம் வழியாக நுழைந்து சரிசெய்ய வேண்டும். நாங்கள் உள்ளே இருக்கும்வரை அங்கே திரை பூட்டியிருக்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் வேலை நடுவில் நின்றுவிடும். அவர்களும் எதையும் தொடக்கூடாது.

அந்த இன்னொரு பெண் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரி. அவள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். அண்ணன் வெளிநாட்டில் இன்ஜினியர். அவள் பேசுவதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷில் யாராவது பேசினால் நான் மனசுக்குள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிச் சிரித்தும் முடித்திருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போக அவள் ஒன்றும் செய்யவில்லை என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் பார்த்துவிட்டு எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று சார் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். மூன்றாவது மாதம் தொடங்கி ஒரு வாரம் ஆனபோது, தான் பயன்படுத்திய பழைய லேப்டாப்பை அவளிடம் கொடுத்தார். கூடவே கொம்பு வைத்த வயர்லெஸ் மோடம் ஒன்றும் வந்தது. நான் சுவரிலிருந்து வரும் நீலக் கேபிளோடு என் மேசையில் கட்டப்பட்டிருக்க, அவள் லேப்டாப்பைப் புத்தகம் மாதிரி தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் முகத்தை சார் கவனித்திருக்க வேண்டும். மறுநாள், அவருடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கார்ட்லெஸ் போனை என் மேசையில் வைத்தார்.

"இது குட்டியோட கையில இருக்கட்டே. கிளையண்ட் கால் எல்லாம் இனி நீதான், கேட்டோ" என்றார் தன் மலையாளத் தமிழில்.

சாருடைய மேசையில் இருந்த பழைய போன் அதே லைனில் அங்கேயே இருந்தது. ஆனால் நடந்துகொண்டே பேசலாம் என்பது என் போனில் மட்டும்தான். நான் பேசிக்கொண்டே அறை முழுக்க நடந்தேன். தேவையில்லாமலும் நடந்தேன்.

அந்த வாரத்திலிருந்துதான் அவளுடைய இணைப்பு அறுந்து விழத் தொடங்கியது.

"ஐயோ, பின்னேயும் போயிடுத்துடி!" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும். சில நிமிடங்களில் தானாக வரும். மறுபடி போகும். கேபிள் போட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அந்த லேப்டாப்பில் கேபிள் செருகும் துளை உடைந்திருந்தது. என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவள் வேலையை முடிக்கட்டும் என்று சார் ஒருமுறை சொன்னார். என் வேலை பாதியில் இருக்கிறது என்றேன். அது பொய். என் நாற்காலியில் அவள் உட்காருவதை என்னால் பார்த்திருக்க முடியாது.

ஹார்டுவேர் படித்தவள் என்பதால், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் வேலையை சார் என்னிடமே கொடுத்தார். நானும் தெரிந்ததையெல்லாம் செய்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வயர்லெஸ்ஸைத் தானே அணைத்துவிடும் அமைப்பை எடுத்துவிட்டேன். டிரைவரைப் புதிதாகப் போட்டேன். மோடத்தை அலமாரி உச்சியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்கு வருத்தமும் இல்லை. அவள் "போயிடுத்து" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் இனித்தது. லேப்காரர்கள் போனில் என்னைக் கூப்பிட்டு அவளைத் திட்டுவார்கள். நான் போனைக் காதில் வைத்தபடியே அவள் பக்கத்தில் போய் நின்று, "ஆமாம் சேட்டா, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கா" என்று அவள் காதில் விழும்படி சொல்வேன்.

முறைப்படி தேட வேண்டுமே என்று இணைப்பு அறும் நேரங்களை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். வந்த போன்களை நேரத்தோடு எழுதும் இன்னொரு நோட்டும் என்னிடம்தான் இருந்தது. மூன்றாவது மாதம் முடிய இரண்டு நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை, அவள் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நேரங்கள் ஒன்றாக இருந்தன. இணைப்பு அறுந்ததால் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள், அதிலென்ன என்று மூடப் போனேன். அப்போது ஒரு வரி கண்ணில் பட்டது. நாற்காலி விற்கும் கடைக்காரர் ஒருவர் விலை சொல்லக் கூப்பிட்டிருந்தார். அந்த நேரத்திலும் இணைப்பு அறுந்திருந்தது.

போன் வைக்கும் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த தாளில் 2.4 என்று இருந்தது. மோடத்தின் அடியிலும் அதே எண். இரண்டும் ஒரே அலைவரிசையில் பேசிக்கொண்டிருந்தன. என் போன் வாயைத் திறந்தால் அவள் லேப்டாப்புக்குக் காது கேட்காது.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். லேப்டாப் திறந்தே இருந்தது. பட்டனை அழுத்தினேன். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, சின்னக் கம்ப்யூட்டர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. அணைத்தேன், கொஞ்ச நேரத்தில் கோடுகள் வந்தன. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை அழுத்தினேன். மூன்றாம் முறையும் அழுத்தினேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்று வாரமாக அவளைத் திட்டு வாங்கவைத்தது நான்தான் என்று அப்போது தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்தது, அதனால் குற்றமில்லை. அவள் சாப்பிட்டுவிட்டு வந்து, "ஏதாவது கிடைச்சுதாடி?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் அது குற்றமானது. சனிக்கிழமை சார் முடிவு சொல்வார். இரண்டே நாள். நான் எதையும் செய்யப் போவதில்லை, சும்மா இருக்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விதுராவில் இருந்த லேப்பில் எங்கள் சாஃப்ட்வேர் காலையிலிருந்தே திறக்கவில்லை. மலைமேல் எஸ்டேட்டுகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அந்த லேப்தான். அன்றைய ரிப்போர்ட் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டது. சார் வெளியே போயிருந்தார். மதியத்திலிருந்து அவள் தலை நிமிராமல் ஒவ்வொரு படியாக அதைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்று மணி வாக்கில் போன் அடித்தது. சார் மேசையிலும் அடித்தது, என் மேசையிலும் அடித்தது. நான் கார்ட்லெஸ்ஸை எடுத்தேன்.

விதுரா லேப்காரர்தான். "எந்தா மோளே, எப்போ தீரும்? இங்கே ஆளு நிறைஞ்சு நிக்கு!"

"ஒரு நிமிஷம் சேட்டா, லைன்லயே இருங்க. கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. லைனில் இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஜன்னலோரத்தில் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "போயிடுத்து! கடைசிப் படிடி, இப்போ பாத்தா போகணும்!" நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அப்போது லேப்காரருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தமிழ்க் குரல்.

"ஐயா, நாலு மணி பஸ்ஸு போயிருமேய்யா. அம்மாவுக்குச் சக்கரை எம்புட்டுன்னு மட்டும் வாயாலயாச்சும் சொல்லுங்க. அதப் பாத்துத்தான் ஊசி போடணுமாம்."

"நில்லம்மா, கம்ப்யூட்டருக்கு இன்னு பணிமுடக்காணு" என்று அவர் எரிச்சலோடு வேலைநிறுத்தக் கிண்டல் ஒன்றைச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா. தெரிஞ்சா நானே பாத்துக்கிடுவேன்" என்றாள்.

அப்படியே என் அம்மாவின் பேச்சு. அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் சீட்டை நீட்டிக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், முன்னால் போகிறவர்களையெல்லாம் "எய்யா, இது என்னன்னு பாருங்க" என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நான் படித்து முடித்தபின் யாரும் அம்மாவை அப்படி நிறுத்தி வைக்கக்கூடாது என்று நினைத்தவள். இன்று நிறுத்தி வைத்திருப்பது யார்?

போனை அணைத்தேன். தட்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"இப்ப வந்துரும் பாரு" என்றேன்.

"என்ன வரும்?"

"நெட்டு. வந்துரும். நீ வேலையப் பாரு."

வந்தது. சார் மேசையில் போன் மறுபடி அடித்தது. ஓடிப்போய் எடுத்து, "சேட்டா, இன்னும் பத்து நிமிஷம், சத்தியமா" என்றேன். பத்து நிமிடம் ஆகவில்லை. "ஓடறது, பிரிண்ட் ஓடறதுடி!" என்று அவள் சத்தம் போட்டாள். பஸ் கிளம்புவதற்குள் எத்தனை பேர் கைக்கு ரிப்போர்ட் போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்றும் எனக்குத் தெரியாது.

பிறகு அவளிடம் போனையும் மோடத்தையும் திருப்பிக் காட்டினேன். 2.4-ஐப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "எப்படிடி தோணித்து உனக்கு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றே தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சும்மா, அடியில எழுதியிருந்துச்சு" என்றேன்.

சனிக்கிழமை சார் இருவரையும் முன்னால் நிறுத்தினார். அவர் பேசத் தொடங்குவதற்குள் அவளே பேசினாள். "சார், நேத்து விதுராவைக் காப்பாத்தினது இவதான். மூணு வாரமா யாராலயும் முடியலை, இவ கண்டுபிடிச்சா. வேலை இவளுக்குத்தான் கொடுக்கணும்." வேலையை எனக்கு விட்டுத் தரும் உரிமை தனக்கு உண்டா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வாள் என்றும் யோசிக்கவில்லை.

"மிடுக்கி!" என்றார் சார் என்னைப் பார்த்து. கெட்டிக்காரி என்று பொருள். வேலையும் லேப்டாப்பும் எனக்கு வந்தன. ஹோட்டலில் அப்பா பரோட்டாக் கல்லை விட்டு இறங்கி வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம், "எம்மவளுக்கு வேல நிரந்தரமாயிட்டு" என்று சொன்னார். அவ்வளவு பேர் பார்க்க, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சில மாதங்களில் வேறு நல்ல இடத்தில் வேலை கிடைத்தது. போகும் முன் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம். அன்றும் நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் அவளுக்கு விளங்கும்.

அவள்மேல் எனக்கு இன்றும் பொறாமைதான்: என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது, அவளுக்காக ஒரு போனைக் கீழே வைக்க எனக்கு ஒரு நாள் முழுதும் தேவைப்பட்டது.